கிரெடிட்டுக்காக வேலை பார்த்தவர்களே, உங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் யார்?

தொடங்கி வைத்தவர்

அக்கா மகள் பி.காம். படிக்கிறாள். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும், அதற்குக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகு) உண்டு என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். "எங்க போறதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க சித்தி" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் இளநிலைப் படிப்புகளுக்கு வெளியிட்ட கட்டமைப்பைப் பார்த்தேன். 30 மணி நேர வேலைக்கு ஒரு கிரெடிட். இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட், அதாவது 60-லிருந்து 120 மணி நேரம். முழுநேரமாகப் போனால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். மணிக்கணக்கு புரிந்துவிட்டது. அந்த மணிகளில் அவள் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதுதான் பிடிபடவில்லை.

படிப்பின் ஒரு பகுதியாக வேலைக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களை மேற்பார்வை செய்தவரோடு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்களேன். அறிவுரை வேண்டாம், நடந்தது போதும்.

வேளாண்மை படித்தவர்

எங்களுக்கு இது நாலாம் வருடத்தில் வரும். தாளில் "ஊரக வேளாண் பணி அனுபவம்", பேச்சில் "ராவே". கிராமத் தங்கல் திட்டத்தில் மாணவிகள் செயல்விளக்கம் என்று பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் படம் வருமே, அந்தக் கூட்டம்தான் நாங்கள். 1992-ல் ரந்தாவா குழு பரிந்துரை செய்த ஏற்பாடு இது. வேளாண் கல்விக்கான ஐந்தாம் டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் 20 வாரம், 20 கிரெடிட். அதில் எட்டு வாரம் கிராமத்திலேயே கிடக்க வேண்டும். மீதி ஆராய்ச்சி நிலையம், பயிர் மருத்துவ நிலையம், தொழிற்சாலை என்று பிரிந்து போகும்.

எங்கள் குழுவுக்குப் பொள்ளாச்சி பக்கம் விழுந்தது. நான் சென்னைக்காரி. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈயை ஸ்லைடில் பார்த்ததோடு சரி. 2016-ல்தான் அது அந்த வட்டாரத்தில் முதலில் தலைகாட்டியது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டை வைக்கும். அது கழிக்கும் பிசுபிசுப்பான நீர் கீழே உள்ள ஓலைகளில் படியும், அதன்மேல் கரும்பூஞ்சாணம் பிடிக்கும். நேரில் பார்த்தபோது தோப்பு முழுக்க விறகடுப்புப் புகை படிந்த சமையல்கட்டு மாதிரி இருந்தது.

எங்களுக்கு ஒதுக்கியிருந்த விவசாயியை ஐயா என்போம். அவருக்கு நாங்கள் எல்லோருமே அம்மிணி. வந்ததும் வராததுமாக, "அம்மிணி, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். மருந்தே அடிக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த பதில். அடித்தால் அந்த ஈயின் குஞ்சில் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற பொடிக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். அதனால் ஐந்தடி நீளம் ஒன்றரை அடி அகலத்தில் மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தோப்பில் கட்டுங்கள், கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளியுங்கள் என்றோம். பசை காய்ந்து பொருக்காக உதிரும்போது பூஞ்சாணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

ஐயா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பூச்சிக்கு வழி கேட்டா போஸ்டர் ஒட்டச் சொல்றீங்களே!"

ஆனாலும் செய்தார். வீட்டு அம்மாதான் கட்டி தட்டாமல் மைதாவைக் கரைத்துக் கொடுத்தார்.

நான் சொல்ல வந்தது எங்கள் பேராசிரியர் மேற்பார்வைக்கு வந்த நாளைப் பற்றி. தென்னைக்கு வேர் மூலம் டானிக் கட்டுவதைச் செய்து காட்டினோம். மரத்தடியில் மண்ணைப் பறித்து, பென்சில் பருமனில் உயிருள்ள வேராகப் பார்த்து, நுனியைச் சாய்வாகச் சீவி, 200 மில்லி பைக்குள் நுனி அடிவரை போகும்படி விட்டு நூலால் கட்ட வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பேராசிரியர் திருப்தியாக, "பிள்ளைங்க எப்படிங்க?" என்று ஐயாவிடம் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிற கேள்விதான். ஐயா யோசித்துப் பதில் சொன்னார்: "படிப்பு இருக்குதுங்க. ஆனா தண்ணி பாயற நேரத்துல ஒருத்தரையும் காணமுங்க."

மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவருக்கு மோட்டார் ஓடும். அது ராத்திரியாகவும் இருக்கும், விடியற்காலையாகவும் இருக்கும். நாங்களோ சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி வாக்கில் நோட்டோடு போய்க்கொண்டிருந்தோம். பேராசிரியர் எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் டார்ச் லைட்டோடு ஐயா பின்னால் வாய்க்காலில் நடந்தோம். எந்த மரத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை, எந்த மடை உடைகிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரிந்தது. பாசனம் பற்றிய அத்தியாயத்தை அதை வைத்துத் திருப்பி எழுதினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் வரைபடம் போடுவது திட்டத்தில் கட்டாயம். கோயில் முன்னால் பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து ஊரை வரையச் சொன்னோம். கிணறு என்றால் வட்டம் போட்டு நீலப் பொடி நிரப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பல வட்டங்களை அவர்கள் நிரப்பவே இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நாங்கள் நீலப் பொடியை நீட்டினால், "அதுல ஏது கண்ணு தண்ணி?" என்றார் ஒரு பாட்டி.

(பேப்பரில் எங்கள் படம் வந்த துண்டை ரெக்கார்டில் ஒட்ட வேண்டும். சில குழுக்கள் அந்தத் துண்டுக்குப் பட்ட பாட்டைப் பயிருக்குப் பட்டிருந்தால் விளைச்சலே கூடியிருக்கும்.)

பொறியியல், மூன்றாம் ஆண்டு

மேலே எழுதியவர் கொடுத்து வைத்தவர். எங்களுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில்) கொள்கையில் 600 முதல் 700 மணி நேரம், 14 முதல் 20 கிரெடிட் என்று பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது. நடந்தது என்ன? சென்னையில் ஒரு மையம். பணம் கட்டினோம். ஏசி ஹால், புரொஜெக்டர், ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டில் எல்இடி விளக்கை மின்ன வைக்கும் புரோகிராம். முன்னால் ஒருவர் டைப் அடிக்க நாங்கள் பார்த்து அடித்தோம். சான்றிதழில் நாங்கள் போன நாட்களைவிடக் கூடுதலான நாட்கள். கல்லூரியில் லெட்டர்ஹெட் இருக்கிறதா, சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை நான் பார்த்ததே இல்லை. கையெழுத்து பிரின்ட் ஆகித்தான் வந்தது.

சாண்ட்விச் டிப்ளமோ, கோயம்புத்தூர்

தம்பி சொல்வது நிஜம்தான். ஆனால் எங்கள் படிப்பில் அந்த மாதிரித் தப்பிக்க வழி கிடையாது. சாதாரண டிப்ளமோ மூன்று வருடம் என்றால் சாண்ட்விச் மூன்றரை வருடம், ஏழு செமஸ்டர். நடுவில் ஒரு செமஸ்டரும் கடைசியில் ஒரு செமஸ்டரும் கம்பெனியில்தான். ஷிஃப்டுக்குப் போய் கார்டு பஞ்ச் பண்ண வேண்டும்.

எனக்கு வாய்த்தது பம்புசெட் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறை. ஃபோர்மேன் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். வேலைக்கு வந்த புதிதில் லேத்தை, அதாவது கடைசல் மெஷினை, தொடவே விடமாட்டார். கடையும்போது கீழே விழும் உலோகச் சுருளைக் கூட்டி அள்ளச் சொல்வார். டிப்ளமோ படிக்கிற என்னை விளக்குமாறு பிடிக்க விட்டாரே என்று உள்ளுக்குள் பொருமல்தான். ஒருநாள் அள்ளிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, "சுருள் என்ன கலர்ல இருக்குது?" என்றார். நீலமாக இருந்தது. "சூடு ஏறுது. கூலன்ட் சரியா விழுகலை, இல்லைன்னா டூல் மழுங்கிப்போச்சு. போய்ப் பாரு." டூல்தான் மழுங்கியிருந்தது. கூட்டச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

தினமும் பயிற்சி டைரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கிலீஷில் எழுதுவோம். படிக்காமல் போட்டுவிடுவார் என்று நினைத்தால், "தமிழ்ல வாசிச்சுக் காட்டு" என்றார். இத்தனை பம்ப் ஷாஃப்ட் கடைந்தோம், மைக்ரோமீட்டரில் அளந்தோம் என்று வாசித்தேன்.

"ரிஜெக்ட் ஆனது?"

"அதை எழுதணுமாண்ணா?"

"அதை எழுதலைன்னா இந்த நோட்டு எதுக்கு?"

ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட் இரண்டையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மைக்ரோமீட்டரின் ராட்செட், அதாவது நுனித் திருகு, டிக் டிக் என்று நிற்கும்வரை திருகச் சொன்னார். ஒன்றில் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் வேறு அளவு. ஏன் அப்படி ஆகும் என்று நான் யோசித்துச் சொன்னதும்தான் பேனாவை எடுத்தார். கல்லூரியிலிருந்து வந்த சார் டைரியைப் புரட்டியபோது அந்தப் பக்கங்களில்தான் நின்று நின்று படித்தார்.

தொடங்கி வைத்தவர்

அண்ணா, சம்பளம் ஏதாவது கொடுத்தார்களா?

சாண்ட்விச் டிப்ளமோ, கோயம்புத்தூர்

ஸ்டைபண்ட் என்று கொஞ்சம் வந்தது. பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகும். கேன்டீன் சாப்பாடு இலவசம். அது பெரிய விஷயம்.

எம்.எஸ்.டபிள்யூ., சென்னை

சமூகப்பணிப் படிப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி. அதை முடிக்காமல் பட்டம் கிடையாது. தேர்வில் தேறினாலும் களப்பணியில் போனால் போச்சு.

நான் போனது நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. கேள்வித்தாளோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த அக்கா என்னைப் பார்த்ததும், "போன வருஷம் வந்தது நீயா, வேற பொண்ணா?" என்றார். வேறு ஆள் என்றேன். "கேள்வி அதேதானே? போன வருஷம் சொன்ன பதிலையே எழுதிக்கோம்மா, இங்க ஒண்ணும் மாறலை" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார். திமிராகச் சொல்லவில்லை. என் நேரம் மிச்சமாகட்டும் என்று சொன்ன மாதிரிதான் இருந்தது.

வாராந்தரச் சந்திப்பில் மேடமிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, "அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுது. நீ நெனச்சதை வேணும்னா ஓரத்துல தனியா எழுது" என்றார். அப்புறம் கேள்வித்தாளை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் வெறுங்கையோட போ. அவங்களுக்கு என்ன வேலை பாக்கி இருக்குன்னு கேளு."

ரேஷன் கார்டில் முகவரி மாற்றம்தான் பாக்கி. பழைய முகவரியில் இருந்ததால் பழைய கடைக்கே போய்வர வேண்டியிருந்தது. என் களப்பணியின் பெரும்பகுதி அந்த ஒரு கார்டுக்குப் பின்னால் அலைந்ததில் போனது. விண்ணப்பம், ஆதார், குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணை நகல், திரும்பவும் விண்ணப்பம். முடிந்தபோது பக்கத்து வீட்டு அக்கா தன் கார்டோடு நின்றார். அடுத்த வருடம் வந்த மாணவியிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை

எல்லோரும் மாணவர் பக்கமிருந்து எழுதுகிறீர்கள். நான் கையெழுத்துப் போடுகிற ஆள்.

2014-ல் வந்த என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடம். அதில் பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம், முதல் வருடம் நான்கு, இரண்டாம் வருடம் பதினாறு. நான் படித்த காலத்தில் பி.எட். ஒரே வருடம்தான், பள்ளியில் இருக்கும் காலம் இதில் பாதிகூட வராது. காலம் கூடியது நல்லதுதான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வந்தால் காலியாக இருக்கும் பீரியடெல்லாம் அவர்கள் தலையில்தான் விழும். அது பயிற்சி ஆகாது.

போன வருடம் வந்த பெண் பாடக்குறிப்பில் கெட்டிக்காரி. சார்ட், மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), எல்லாம் பளிச்சென்று இருக்கும். பின்னங்கள் நடத்தினார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதியில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டான். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. வகுப்பு முடிந்ததும் சொன்னேன், வருடா வருடம் வந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், விவரம் கேட்கிறான், விரட்டவில்லை என்று. மறுநாள் பாடக்குறிப்பை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, யார் யாருக்கு வாசிக்க வரவில்லை என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கக் கேட்டார். கணக்கில் மக்கு என்று நாங்கள் ஒதுக்கியிருந்த இரண்டு பேருக்குக் கணக்கு வருகிறது, வினாவை வாசிக்கத்தான் வரவில்லை என்று அவர் சொன்னபோது எனக்கே புதுச் செய்தி.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எல்லாப் பாடக்குறிப்பையும் கடைசி நாளில் கட்டாகக் கொண்டுவந்து, "டீச்சர், தேதி மட்டும் முன்னாடியே போட்டுக்குங்க" என்று கேட்காதீர்கள். நான் போட மாட்டேன்.

தொடங்கி வைத்தவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் ஊரிலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் இருக்கிறது, அதுவரை யாருக்கும் பேச நேரமிருக்காது, 21-க்கு மேல் வரச் சொல்லுங்கள் என்றார் ஆடிட்டர். "யார்கிட்ட உட்கார வைப்பீங்க சார்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, மூலையில் வவுச்சர் குவியலுக்கு நடுவே இருந்த ஓர் அம்மாவைக் காட்டினார்.

அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "டேலி தெரியுமா?" என்று கணக்கு எழுதும் சாஃப்ட்வேரைக் கேட்டார். காலேஜில் கற்றுக்கொண்டேன் என்றாள் இவள். "பில்லைத் தேதி வாரியா அடுக்கத் தெரியுமா?" அதற்கு இவளிடம் பதில் இல்லை. "அதுலேருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

பஸ் காசு தருவார்களா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. 21-ம் தேதி அவளையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.