ஆய்வேட்டில் பிறர் கருத்தைச் சுருக்கியும் சொல் மாற்றியும் எழுதுவது: ஓர் ஐயம்

கடைமடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காவிரி டெல்டாவின் பாசன வரலாறு குறித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னாய்வுகளை மதிப்பிடும் இரண்டாம் இயலை நெறியாளரிடம் கொடுத்தேன். பல பத்திகளின் ஓரத்தில் "மூலத்தை ஒட்டியே இருக்கிறது" என்று எழுதித் திருப்பித் தந்திருக்கிறார். ஒவ்வொரு பத்திக்கும் அடிக்குறிப்பு இட்டிருக்கிறேன், சொற்களையும் மாற்றியிருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பதே என் ஐயம்.

வேறொருவர் நூலின் பத்தியை இங்கே எடுத்திடாமல், அதே போக்கில் நானே அமைத்த ஒரு பத்தியைத் தருகிறேன் (தலைமடை என்பது கால்வாய் நீர் முதலில் சேரும் பகுதி, கடைமடை என்பது கடைசியில் சேரும் பகுதி):

"1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தபின், காவிரி டெல்டாவின் பாசனம் ஆற்றின் இயல்பான வெள்ளத்தைச் சார்ந்திருந்த நிலையிலிருந்து, அணையில் தேக்கிய நீரைத் திட்டமிட்டுத் திறக்கும் முறைக்கு மாறியது. கல்லணையிலிருந்து புதிதாக வெட்டப்பட்ட கால்வாயின் வழியே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கும் ஆற்றுநீர் சென்றது. ஆயினும், தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு இதனால் முற்றிலும் நீங்கிவிடவில்லை."

இதனை நான் எழுதும் முறை:

"1934-இல் மேட்டூர் அணை செயல்பாட்டுக்கு வந்த பிறகு, காவிரிப் படுகையின் நீர்ப்பாசனம் நதியின் இயற்கையான பெருக்கை நம்பியிருந்த நிலையிலிருந்து, அணையில் சேமித்த நீரைத் திட்டப்படி விடுவிக்கும் முறைக்கு மாற்றமடைந்தது. கல்லணையிலிருந்து புதியதாகத் தோண்டப்பட்ட கால்வாய் மூலம் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரங்களும் நதிநீர் பெற்றன. எனினும், தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே ஏற்றத்தாழ்வு நீடித்தது."

ஆங்கில நூல்களிலிருந்து எடுப்பவற்றை எப்படிக் கையாள்வது என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும். தமிழில் பெயர்த்து எழுதிவிட்டாலே அது என் சொற்கள் ஆகிவிடாதா?

ஓரக்குறிப்பு (மறுமொழி)

உங்கள் நெறியாளர் சொன்னது சரி. இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வாக்கியங்களின் எண்ணிக்கை, வரிசை, ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கம், "ஆயினும்" வந்த இடத்தில் "எனினும்" என எல்லாமே மூலத்தின் அமைப்பு. ஒவ்வொரு சொல்லின் இடத்திலும் அதற்கு இணையான இன்னொரு சொல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அடிக்குறிப்பு கருத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுமே தவிர, வாக்கியத்தைக் கட்டியவர் யார் என்பதைச் சொல்லாது. மேற்கோள் குறி இல்லாத இடத்தில், அந்த வாக்கிய அமைப்பு உங்களுடையது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இப்படிச் சொல் மாற்றுவதில், திருட்டு என்ற குற்றச்சாட்டைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பொருள் நழுவிவிடும். "டெல்டா" என்பதைப் "படுகை" ஆக்கியிருக்கிறீர்கள். காவிரிப் படுகை என்றால் குடகு தொடங்கிக் கடல் வரை உள்ள நிலப்பரப்பு முழுவதும் அடங்கும். டெல்டா அதன் கீழ்க்கோடியில் உள்ள ஒரு பகுதி. மூல ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் ஏற்றிவிட்டீர்கள். துறைச்சொற்களை மாற்றவே கூடாது. டெல்டா, கடைமடை, கல்லணை ஆகியவை யாருக்கும் தனி உடைமை அல்ல.

கடைசி வாக்கியத்தையும் பாருங்கள். "முற்றிலும் நீங்கிவிடவில்லை" என்று மூலம் சொல்கிறது. ஏற்றத்தாழ்வு ஓரளவு குறைந்திருக்கலாம் என்பதற்கு அதில் இடம் இருக்கிறது. நீங்கள் எழுதிய "நீடித்தது" அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. கடைமடையைப் பற்றியே ஆய்வு செய்யும் உங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இதே இடத்தில் விரல் வைத்தால் விடை சொல்வது கடினம்.

நான் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் வழி இது. பத்தியைப் படித்தபின் நூலை மூடிவிட்டு, ஆசிரியர் எதை நிறுவ முயல்கிறார், அதற்கு என்ன சான்று தருகிறார், எவ்வளவு உறுதியோடு சொல்கிறார் என்ற மூன்றை மட்டும் துண்டு துண்டான குறிப்புகளாக எழுதிக்கொள்ளுங்கள். முழு வாக்கியமாக எழுத வேண்டாம், எழுதினால் மூலத்தின் வாக்கியமே கைக்கு வரும். பக்க எண்ணை அப்போதே குறித்துவிடுங்கள். பிறகு குறிப்பை மட்டும் பார்த்து எழுதி, கடைசியில் மூலத்தைத் திறந்து பொருள் பிசகாமல் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அப்படி எழுதினால் மேலே உள்ள பத்தி ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

"மேட்டூர் அணையால் டெல்டாவில் இரு மாற்றங்கள் நேர்ந்ததாக ஆசிரியர் கருதுகிறார். வெள்ளம் வரும் காலத்துக்கு உழவர்கள் காத்திருந்த நிலை மாறி, 1934-க்குப் பின் நீர் எப்போது வரும் என்பது நிர்வாகத்தின் முடிவாயிற்று. கல்லணைக் கால்வாயின் வழியாக ஒரத்தநாடும் பட்டுக்கோட்டையும் ஆற்றுப் பாசனத்துக்குள் வந்தன. தலைமடைக்கும் கடைமடைக்கும் இருந்த வேறுபாட்டை இம்மாற்றங்கள் முழுமையாகப் போக்கவில்லை என்பதையும் அவர் சுட்டுகிறார்."

இது மூலத்தின் கருத்தைச் சொந்த வாக்கியங்களில் மாற்றி எழுதியது, நீளம் ஏறக்குறைய மூலத்தின் அளவே இருக்கும். சுருக்கம் வேறு வகை: "மேட்டூர் அணை டெல்டா பாசனத்தின் காலத்தையும் பரப்பையும் மாற்றியபோதும், கடைமடையின் குறையை முற்றாகத் தீர்க்கவில்லை." ஒரு நூலின் முழு இயலையும் இப்படி இரண்டு மூன்று வாக்கியங்களில் அடக்க நேரலாம். எது வேண்டும் என்பதை உங்கள் இயலின் தேவையே முடிவு செய்யும். ஒருவருடைய வாதத்தோடு நீங்கள் நேரடியாகப் பொருதப் போகிறீர்கள் என்றால் விரிவாக எழுதுங்கள். பின்னணியாக மட்டும் வருகிறார் என்றால் ஒரு வரி போதும். முன்னாய்வு இயல்கள் சலிப்பூட்டுவதற்குக் காரணம், பெரும்பாலும் எல்லா நூல்களுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்குவதுதான்.

பழைய தமிழாசிரியர் (மறுமொழி)

தம்பிக்கு வணக்கம். மேலே நண்பர் விளக்கியதை நாம் பள்ளியிலேயே வேறு பெயர்களில் படித்திருக்கிறோம். ஒரு பாடலுக்குப் பதவுரை, பொழிப்புரை, கருத்துரை என்று தனித்தனியே எழுதப் பழகினோம். ஆய்வேட்டில் நீங்கள் செய்திருப்பது பதவுரை, சொல்லுக்குச் சொல். வேண்டியது, முழுப் பொருளையும் தொடர்ந்த உரைநடையில் சொல்லும் பொழிப்புரையும், சாரத்தை மட்டும் சொல்லும் கருத்துரையும். ஒவ்வொரு பத்திக்கும் முதலில் ஒரே வரியில் கருத்துரை எழுதிவிட்டுப் பிறகு பொழிப்புரைக்குச் செல்லுங்கள். இந்த வரிசையை மாற்றிப் பொழிப்புரையை முதலில் எழுதினால், மூலத்தின் பிடியிலிருந்து விடுபட முடியாது.

முன்னோர் மொழியை அப்படியே எடுத்தாள்வது நம் மரபுதானே என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்று நன்னூல் சொல்வது உண்மைதான். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என, முதல்நூல் ஒன்றைத் தழுவி எழும் வழிநூலின் வகைகளைத் தொல்காப்பிய மரபியல் வகுத்திருப்பதும் உண்மை. ஆனால் அம்மரபில் வழிநூல் தன்னை வழிநூல் என்று மறைக்கவில்லை, படிப்பவரும் முதல்நூலை அறிந்தவராகவே இருந்தார். உரையாசிரியர்கள் "என்பாரும் உளர்" என்று பெயர் சுட்டாமல் பிறர் கருத்தைக் காட்டியதும் அத்தகைய சூழலில்தான். இன்று நம் ஆய்வேட்டைப் படிப்பவர் அந்த நூல்களைக் கண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே பெயரும் ஆண்டும் பக்கமும் வேண்டும். மரபைத் துணைக்கு அழைத்து இதிலிருந்து தப்பிக்க முடியாது.

அலமாரி எண் ஏழு (மறுமொழி)

நூலகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டுக்குப் பிற எழுத்துகளோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொதுவான சொற்கள், சட்டங்கள் முதலியவை இந்தக் கணக்கில் சேரா. தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடர்களுக்கு 14 தொடர்ச்சியான சொற்கள் வரை விலக்கு உண்டு.

ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு எழுதுவது பயனற்ற வேலை. ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள் ஒத்த எழுத்துத் தொடர்களைத் தேடித் தருகிறது, களவா இல்லையா என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மாதிரிப் பத்தியில் சொற்கள் மாறியிருப்பதால் அது சோதனையில் தப்பிவிடக்கூடும். நெறியாளரின் கண்ணில் தப்பவில்லை, பார்த்தீர்களா?

மொழிபெயர்ப்புக்கும் இதுவே விடை. ஆங்கிலப் பத்தியை வரிக்கு வரி தமிழாக்கினால், அது மேற்கோளின் மொழிபெயர்ப்பு. மேற்கோள் குறிக்குள் வைத்து, "மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது" என்று அடிக்குறிப்பில் எழுத வேண்டும். உங்கள் நடையில் வேண்டுமானால், ஓரக்குறிப்பு அவர்கள் சொன்னபடி நூலை மூடிவிட்டுக் குறிப்புகளைத் தமிழிலேயே எடுங்கள். ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துப் பின்னர் தமிழில் எழுதினால், ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு தமிழுக்குள் வந்துவிடுகிறது. "...என்பது கவனிக்கத்தக்கது" என்று முடியும் வாக்கியங்கள் நம் ஆய்வேடுகளில் இத்தனை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஐயப்பாடு.

உங்கள் துறை சார்ந்த இன்னொன்று. அண்மைக்கால நூல் ஒன்று, 1906-இல் ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் கெசட்டியர் என்ற மாவட்ட விவரநூலிலிருந்து ஒரு செய்தியைச் சுருக்கித் தந்திருக்கும். அந்தச் சுருக்கத்தை நீங்கள் மீண்டும் சுருக்கிவிட்டு, கெசட்டியரைப் பார்த்ததுபோல் அடிக்குறிப்பு இடாதீர்கள். கெசட்டியரை எடுத்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், இன்னாரின் நூலில் எடுத்தாளப்பட்டது என்று குறிப்பிடுங்கள்.

கடைமடை

மூவருக்கும் நன்றி. பத்திகளை நூலை மூடிவைத்து மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பதவுரை என்று ஐயா சொன்னதும் சிக்கல் எங்கே என்பது உடனே விளங்கிவிட்டது. எஞ்சியிருப்பது ஒரே ஐயம். ஒரு பத்தி முழுவதும் ஒரே நூலைச் சுருக்கும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடிக்குறிப்பு இட வேண்டுமா? இறுதியில் ஒன்று மட்டும் இட்டால் போதுமா?

ஓரக்குறிப்பு

இறுதியில் ஒன்று மட்டும் இட்டால், அது கடைசி வாக்கியத்துக்கு மட்டும் உரியதா, பத்தி முழுவதற்குமா என்பது தெரியாது. முதல் வாக்கியத்திலேயே ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்து வந்துவிடுங்கள். அடுத்தடுத்த வாக்கியங்களில் "அவர் கருத்தில்", "மேலும் அவர்" என்று தொடர்ந்தால், குரல் யாருடையது என்பது தெளிவாக இருக்கும். எண், ஆண்டு, மறுக்கத்தக்க கூற்று ஆகியவை வரும் இடங்களில் மட்டும் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு இடுங்கள். "சொல்கிறார்", "கருதுகிறார்", "நிறுவுகிறார்" ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்தையும் தவிருங்கள். சான்று காட்டி முடித்தவரைத்தான் "நிறுவுகிறார்" எனலாம்.

உங்கள் சொந்த மதிப்பீடு தொடங்கும் இடத்தில், முடிந்தவரை புதிய பத்தியாகப் பிரித்துவிடுங்கள். ஒரே பத்திக்குள் இருக்க வேண்டியது கட்டாயமானால், "இக்கருத்து தலைமடை ஊர்களின் சான்றுகளை மட்டும் கொண்டு எழுந்தது" என்பதுபோல், உங்கள் குரல் ஐயமின்றிக் கேட்கும் வாக்கியத்தோடு தொடங்குங்கள்.