எல்லா மருத்துவமனைகளும் மின்னணுப் பதிவேட்டுக்கு மாற வேண்டுமா?

குடியாத்தம் மகள்:
என் தந்தைக்கு 71 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு கூடியிருந்ததால், வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று வேலூரில் பார்த்த மருத்துவர் சீட்டில் எழுதித் தந்தார். அந்தச் சீட்டு எங்கள் வீட்டு மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தது. மூன்று மாதம் கழித்து முழங்கால் வலி என்று அப்பா தனியாக வேறொரு கிளினிக்குக்குப் போனார். பையை எடுத்துச் செல்லவில்லை. பத்து நாளுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். கால் வீங்கி, இரவில் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு விவரமே தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரண்டாவது மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணெதிரே அந்த ஒரு எண் இல்லை, அவ்வளவுதான்.

மருத்துவப் பதிவுகளை மின்னணு முறையில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. ஒருவரின் பதிவுகளை இணைப்பதற்கான 14 இலக்க ஆபா எண்ணை யார் வேண்டுமானாலும் பெறலாம். ஆனால், எண் இருந்து என்ன பயன், கிளினிக்குகள் அதில் இணையாதபோது? அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் மின்னணுப் பதிவேட்டில் இணைந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
அம்மா, உங்கள் தந்தைக்கு நேர்ந்தது வருத்தத்திற்குரியது. ஆனாலும் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. ஆபா விருப்பத்தின் பேரில் மட்டுமே என்று அரசு சொல்கிறது. விருப்பம் என்று தொடங்கும் எண் கவுன்டருக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். கர்ப்பிணிகளின் நலனுக்காகத் தமிழக அரசு தொடங்கிய பிக்மி என்ற கணினிப் பதிவில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படும் ஆர்சிஎச் எண் இன்று குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே கேட்கப்படுகிறது. ஓ.பி. வரிசையில் காலை ஏழு மணியிலிருந்து நிற்கும் ஒருவரிடம் "சம்மதமா?" என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்ல முடியும்?

இரண்டாவது, இந்த வட்டாரத்திற்கே உரிய ஓர் அச்சம். வேலூர் அருகே கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்று மருத்துவமனை இயங்கிவரும் பகுதி இது. முழுதும் குணமாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் தம் நோயை அண்டை வீட்டாருக்குச் சொல்லாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் அஞ்சியது வீண் அச்சமும் அன்று; விவாகரத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் 2019 வரை இந்து திருமணச் சட்டத்திலேயே இருந்தது. காகிதப் பதிவேடு ஒரு மருத்துவமனையின் பரணில் கிடக்கும். மின்னணுப் பதிவு ஆளைத் தொடர்ந்து வரும். நீங்கள் வரம் என்று சொல்லும் அதே தன்மையை அவர்கள் சாபமாக உணர்வார்கள்.

மூன்றாவது, பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஏற்கெனவே சொல்கிறது. முதலில் அதை நடைமுறைப்படுத்தட்டும்.

குடியாத்தம் மகள்:
இரவு பதினொரு மணிக்கு மூச்சு வாங்குபவர் 72 மணி நேரம் காத்திருக்க முடியாது, ஐயா.

காட்பாடி மென்பொருளாளர்:
வழக்கறிஞர் ஐயாவின் அச்சம் நியாயமானது என்றாலும், திட்டத்தின் அமைப்பைப் பற்றிப் பலரிடமும் உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த விரும்புகிறேன். எல்லோருடைய மருத்துவப் பதிவும் தில்லியில் ஒரே கணினியில் குவிவதில்லை. பதிவு எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே இருக்கும். நோயாளி சம்மதம் தரும்போது, குறிப்பிட்ட பதிவு மட்டும், குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும், கேட்ட மருத்துவருக்குப் போகும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும்.

இது எவ்வளவு தேவை என்பதைக் காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு நாள் நின்று பார்த்தாலே புரியும். வேலூரில் சிகிச்சை பெறுவதற்காக, ஹவுராவிலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் வண்டிகளில் எக்ஸ்ரே உறைகளையும் ரிப்போர்ட் கட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு மக்கள் இறங்குகிறார்கள். இங்கே வாரக்கணக்கில் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்று, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஊர் திரும்புகிறார்கள். அடுத்த மருத்துவர் அதைப் படிப்பாரா, அந்தக் காகிதம் மழையில் நனையாமல் இருக்குமா என்பதெல்லாம் அவரவர் அதிர்ஷ்டம். மருத்துவமனை மாநிலப் பொறுப்பு என்று அரசமைப்பு சொல்லலாம். நோயாளி மாநில எல்லையில் நிற்பதில்லை.

எஸ்தோனியா 2008-லேயே நாடு தழுவிய பதிவேட்டைக் கொண்டுவந்தது. அங்கே தம் பதிவை எந்த மருத்துவர் எப்போது திறந்து பார்த்தார் என்பதை நோயாளியே பார்க்கலாம். சிலவற்றை மூடியும் வைக்கலாம். தொழுநோய்ப் பதிவைப் பற்றிய அச்சத்திற்கு அதுவே விடை என்று நினைக்கிறேன். பரணில் கிடக்கும் காகிதக் கட்டை யார் பிரித்துப் பார்த்தார் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

ஆற்காடு மருத்துவர்:
நான் சிறிய கிளினிக் நடத்துகிறேன். மாலையில் மட்டும் அறுபது பேருக்குக் குறையாமல் பார்க்கிறேன். உதவிக்கு ஒரு செவிலியர் இருக்கிறார். இதுவரை பேசியவர்கள் யாரும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. தட்டச்சு செய்யப் போவது யார்?

ஒரு மணி நேரம் நோயாளியோடு செலவிடும் மருத்துவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் கணினியிலும் மேசை வேலையிலும் செலவிடுகிறார் என்று அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் நம்முடையதைவிடப் பல மடங்கு. என் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் திரைக்குப் போனால், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிடுவதா, நாக்கை நீட்டச் சொல்வதை விட்டுவிடுவதா? இங்கிலாந்து 2002-இல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக இதைத் தொடங்கி, பல நூறு கோடி பவுண்டு செலவழித்த பின் 2011-இல் கலைப்பதாக அறிவித்தது. மேலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கீழே இருக்கும் மருத்துவரிடம் பிறகு சொன்னால் அப்படித்தான் முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று மின்னணுப் பதிவு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி காகிதத்தின் புகைப்படம்தான். உங்கள் தந்தையின் கிரியாட்டினின் ஒரு பிடிஎஃப் கோப்பின் நான்காம் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மருத்துவர் அதையும் பார்த்திருக்க மாட்டார், அம்மா. எண் எண்ணாகவே பதிவாகி, டைக்ளோஃபெனாக் என்று எழுதும்போதே திரை எச்சரிக்க வேண்டும். அதற்கு ஆய்வகங்களும் மருந்துப் பெயர்களும் ஒரே குறியீட்டில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பன்னாட்டுக் குறியீட்டு முறை ஒன்றில் இந்தியா 2014-லேயே உறுப்பினராகிவிட்டது. என் மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. கட்டாயச் சட்டத்தை இப்போதே கொண்டுவந்தால் பெரிய மருத்துவமனைகள் தாக்குப்பிடிக்கும், என்னைப் போன்றவர்கள் கடையைச் சாத்துவோம்.

அணைக்கட்டு செவிலியர்:
நான் கிராம சுகாதாரச் செவிலியர். டாக்டர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கிறது: தட்டச்சு செய்வது நாங்கள்தான். வீடு வீடாகப் போய்ப் பதிவேட்டில் எழுதி, அதையே மறுபடி கணினியில் ஏற்றுகிறோம். மின்னணுப் பதிவு வந்த பிறகும் காகிதப் பதிவேட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களுக்குப் போனால் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நிற்க வேண்டும். இல்லையென்றால் கீழே இறங்கி வந்து இரவில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு சிரமம் இருந்தும் நான் பதிவேட்டின் பக்கமே நிற்பேன். நம் வழக்கப்படி தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். ஏழு மாதம் வரை அவளைப் பார்த்தது கணவன் ஊர் செவிலியர். பிரசவம் பார்க்கப்போவது வேறு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். முன்பெல்லாம் அட்டையைத் தொலைத்துவிட்டு வந்தால் இரத்த அழுத்தம் எப்போதிலிருந்து ஏறியது, இரும்புச் சத்து ஊசி போட்டார்களா என்று எதுவும் தெரியாது. இப்போது எண்ணைத் தட்டினால் தெரிகிறது. வழக்கறிஞர் ஐயா குறை சொன்ன அதே பிக்மிதான். சான்றிதழோடு அதை முடிச்சுப் போட்டது சரியா என்பது வேறு கேள்வி. அந்த எண்ணால் உயிர் பிழைத்த தாய்மார்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இருக்கும் கவலை செல்போன். சம்மதத்திற்கான ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? பல வீடுகளில் கணவர் போன் அல்லது பேரன் போன். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பதிவைத் திறக்கும் சாவி மாமியார் வீட்டாரின் கையில் இருக்கும். காட்பாடி தம்பி இதற்கு வழி சொல்லட்டும்.

காட்பாடி மென்பொருளாளர்:
நேர்மையாகச் சொல்கிறேன், அக்கா, இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. போன் இல்லாதவருக்கு மருத்துவமனையிலேயே கைரேகை வைத்துச் சம்மதம் பெற ஏற்பாடு செய்யலாம். கருக்கலைப்பு, எச்.ஐ.வி., மனநலம் போன்ற பதிவுகள் தாமாக இணையாமல், நோயாளி தனியே கேட்டால் மட்டுமே இணைய வேண்டும் என்று விதி எழுதலாம்.

ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளி:
19 ஆண்டுகள் பதனிடும் பிரிவில் வேலை செய்தேன். கையில் தோல் வெடிப்பு வந்தபோது வேலையால் வந்ததா, முன்பே இருந்ததா என்று கேட்டார்கள். முதல் ஆறு ஆண்டுகளில் பார்த்த சீட்டு ஒன்றும் என்னிடம் இல்லை. தொடர்ச்சியான பதிவு இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். அதே பதிவை வேலைக்கு எடுக்கும் முன் முதலாளி கேட்டால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
இந்தக் கேள்விதான் முதன்மையானது. வேலைக்கோ காப்பீட்டுக்கோ மருத்துவப் பதிவைக் கேட்பதே குற்றம் என்று வெளிப்படையாக எழுதாத வரையில், நோயாளியின் சம்மதம் என்பது வேலை தேடும் ஏழையின் சம்மதமாகவே இருக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புக் குறைபாட்டிற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும்; பதிவு வெளியானதால் திருமணம் நின்றுபோனவருக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் கையால் எழுதியே பணி நடந்ததை மறந்துவிட வேண்டாம். பதிவுகள் அந்தந்த இடத்திலேயே இருக்கும் என்பது ஆறுதலாகத் தோன்றும். எய்ம்ஸ் காக்க முடியாததைத் தெருமுனை ஆய்வகம் எப்படிக் காக்கும்?

செவிலியர் அம்மா சொன்ன தாய்வீட்டு எடுத்துக்காட்டை மறுக்க எனக்கு வாதம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மகப்பேற்றிலும் அவசர சிகிச்சையிலும் பதிவு தொடர்வதை ஏற்கிறேன். கட்டாயச் சட்டத்தை ஏற்கவில்லை.

குடியாத்தம் மகள்:
எல்லோருடைய பதிலையும் படித்தேன். சட்டம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அதன் கட்டாயம் யார் மீது என்பதில் மாறியிருக்கிறேன். கட்டாயம் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் இருக்கட்டும், சிறிய கிளினிக்குகளுக்கு மென்பொருளையும் தட்டச்சு ஆளையும் அரசு தரட்டும். எதை இணைப்பது, எதை மூடி வைப்பது என்பது நோயாளியின் விருப்பமாகவே இருக்க வேண்டும்.

நேற்று அப்பாவுக்கு ஆபா எண் எடுத்தேன். அவருடைய பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, எதையெல்லாம் இணைக்கலாம் என்று கேட்டேன். சர்க்கரை, சிறுநீரகம், கண் பரிசோதனை எல்லாவற்றிற்கும் தலையசைத்தார். 1980-களில் எடுத்த ஒரு சீட்டை மட்டும் என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.