"எட்டு வயசுப் பையன், என்ன புத்தகம் குடுக்கலாம் சார்?"

ஸ்டால்காரன்:

சென்னைப் புத்தகக் காட்சியில் ஆறு வருஷமாக ஒரு நண்பரின் ஸ்டாலில் நிற்கிறேன். பெரிய சம்பளமில்லை. மதியச் சாப்பாடு, கடைசி நாள் கை நிறையப் புத்தகம், அவ்வளவுதான். பில் போடுவேன், அட்டைப்பெட்டி பிரிப்பேன், "எல்லாக் கடையிலும் பத்து பர்சென்ட் கழிவுதாங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்கு அடுத்தபடியாக என் காதில் விழுவது தலைப்பில் உள்ள கேள்விதான்.

முதல் வருஷம் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. ஒரு பாப்பா, ஒன்பது பத்து வயதிருக்கும், மெல்லிசான படப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. அவள் அம்மா அதை வாங்கிப் புரட்டினார். "பக்கத்துக்கு ரெண்டு வரிதான் இருக்கு. வீட்டுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிரும்டி" என்று திரும்ப வைத்துவிட்டார். நான் அந்த அம்மாவின் கட்சியில் சேர்ந்துகொண்டு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் எடுத்து நீட்டினேன். 1950ல் கல்கியில் தொடங்கி வாராவாரம் ஊரே காத்திருந்து படித்த கதை என்று பிரசங்கம் வேறு.

அடுத்த ஜனவரியில் அதே அம்மா வந்தார். "நீங்கதானே குடுத்தீங்க? இவ இன்னும் வீரநாராயண ஏரிக்கரையிலயே நிக்கிறா. அஞ்சு பாகத்தையும் நான்தான் முடிச்சேன்." எனக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அவர் கோபமாக வரவில்லை, அடுத்து தனக்கு என்ன படிக்கலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார். பாப்பா கையில் மறுபடியும் ஒரு மெல்லிசான புத்தகம். இந்தத் தடவை அந்த அம்மா வாய் திறக்கவில்லை.

அதிலிருந்து நான் பெற்றோரிடம் வயதைக் கேட்பதை விட்டுவிட்டேன். பிள்ளையிடமே, "கடைசியா எதை ரெண்டு தடவை படிச்சே?" என்று கேட்பேன். ஒரு பையன் ரொம்ப யோசித்து, "ரயில் டைம் டேபிள்" என்றான். அவன் அப்பாவுக்கு வெட்கம். எனக்குக் கொண்டாட்டம். 'டோட்டோ-சான்' எடுத்துக் கொடுத்தேன். ஜப்பானில் ஓட்டம் முடிந்த ரயில் பெட்டிகளையே வகுப்பறை ஆக்கிய பள்ளிக்கூடம். புதுப் பெட்டி ஒன்று ராத்திரியில் வந்து சேருவதைப் பார்க்கப் பிள்ளைகள் போர்வையோடு வந்து பள்ளியிலேயே தங்குவார்கள். அதை மட்டும் சொன்னேன். "தண்டவாளம் இல்லாம எப்படிக் கொண்டு வந்தாங்க?" என்று கேட்டான். "உள்ள இருக்கு" என்றேன்.

சரி, உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். சொதப்பியவையாக இருந்தால் இன்னும் நல்லது.

கரிசல்காடு:

எங்கள் வீட்டில் அதே 'டோட்டோ-சான்' ஆள் மாறிப் போனது. மகளுக்காக நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டதை வாங்கினேன். அவள் தொடவில்லை. அம்மா எடுத்துக்கொண்டாள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள், வயது எழுபதுக்கு மேல். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே அந்தச் சிறுமியின் பேச்சை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார் இல்லையா, அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "எங்க வாத்தியாருக்கு என் பேரே தெரியாது. 'ஏ சன்னலோரம்'னுதான் கூப்பிடுவாரு."

அப்புறம், இது மாதிரி இன்னொண்ணு கொண்டா என்றாள். நான் ரொம்பவும் மதிக்கிற ஒரு நாவலைக் கொடுத்தேன் (பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவீர்கள்). இருபது பக்கத்தில் திரும்பி வந்தது. "எல்லாரும் யோசிச்சுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரும் உலை வைக்க மாட்டாங்களா?"

பிறகுதான் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நினைவுக்கு வந்தது. அதில் இருக்கிற பேச்சு அவள் பேச்சு. தனியாகப் படிக்கப் பிடிக்காமல் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள், பதினோரு வயசு மகள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். ஆரம்பத்திலேயே நகைக்காக ஒரு கொலை. அந்தக் கள்ளனைக் கழுவேற்றுகிற வரை மகள் நகரவில்லை. என் மனைவி என்னை முறைக்க, அம்மா மட்டும் அசராமல், "ராமாயணத்துல வெட்டுக்குத்து இல்லையாக்கும்?" என்றாள். பதினோரு வயசுக்கு என்று அந்தப் புத்தகத்தை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள், நானும் செய்யவில்லை. பாட்டி பக்கத்தில் இருந்தாள், பயமான இடத்தில் குரலைத் தாழ்த்தினாள், அதுதான் நடந்தது. ஆனால் ஒன்று, அம்மா இல்லாமல் அதே புத்தகத்தை அவளிடம் தனியாகக் கொடுக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.

நைட் ஷிப்ட் அப்பா:

என் பையனுக்கு எழுத்து என்றாலே அலர்ஜி. முத்து காமிக்ஸ் 1972ல் தன் முதல் இதழாகப் போட்ட 'இரும்புக்கை மாயாவி'யின் மறுபதிப்பை எனக்காக வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால் அது அவன் தலையணைக்கு அடியில். காமிக்ஸ் எல்லாம் படிப்பில் சேர்த்தியா என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். பலூனுக்குள் இருப்பதும் தமிழ்தானே என்றேன். மேலே சொல்ல ஒன்றுமில்லை, பையன் அடுத்த இதழ் கேட்கிறான்.

சாக்பீஸ்:

அரசுப் பள்ளி ஆசிரியை நான். வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் எங்களுக்கு வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலை, எல்லாமே சின்னச் சின்னப் புத்தகங்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு எது 'சின்னப் பசங்க புத்தகம்' என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். எட்டாவது படிக்கிற பையன் ஒருவன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். மற்றவர்கள் போகிற வரை காத்திருந்து ஒரு 'நுழை' புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "தம்பிக்கு வாசிச்சுக் காட்டணும் டீச்சர்" என்றான். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கலாம். "தம்பிக்குப் பிடிச்சிருந்தா இன்னொண்ணு எடுத்துக்கோ" என்றேன். இதுவரை பதினாலு புத்தகம் போயிருக்கிறது. தம்பி இப்போது 'ஓடு'வில் இருக்கிறார்.

வீட்டில் புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்கிறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் போனிலிருந்து சிலவற்றை அச்செடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன். தையல் கோணல்தான்.

ஸ்டால்காரன்:

டீச்சர், கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' படித்திருப்பீர்கள். 1970ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய தொகுப்புக்கும் அதுதான் பெயர். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கிற மனிதர் ஒருவர், தனக்குப் பிரியமானவர்களுக்கு டைரி கொடுப்பார், சாரங்கன் என்ற பையனை மட்டும் விட்டுவிடுவார். அவன் தானே ஒரு டைரியை வாங்கி வைத்துக்கொண்டு, இவரை வீட்டுக்கு அழைத்து, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்வான். அது பெரியவர்களுக்கான கதை. ஸ்டாலில் நிற்கிறவனுக்கு ரொம்பவே.

உங்கள் பையனுக்கு வருகிற ஜனவரியில் ஒரு புத்தகம் எடுத்து வைக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். தம்பி பெயர் என்னவென்று அவனிடமே கேட்டுச் சொல்லுங்கள்.