ஒரு கதவுக்கு ஐந்து பேர்

மூன்றாம் மாடி:

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போடக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான். (குளியலறையை விட்டுவிட்டேன். அதன் கதை பின்னால் வரும்.) மற்றபடி ஒரு கூடம், அதை ஒட்டிச் சமையலறை, அலமாரியை இழுத்துப் போட்டு மறைத்த ஒரு மூலை. 2020 மார்ச் வரை அந்த அறையைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. பகலில் காலியாகத்தான் கிடக்கும். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக்கூடம், மாமியாருக்குக் கூடத்து ஜன்னலோரம்தான் எல்லாம்.

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஐந்து பேரும் வீட்டுக்குள் வந்துவிட்டோம். "ரெண்டு வாரம்தானே" என்றார் கணவர். டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று 24 ஆம் தேதி செய்தி வந்தது. "அப்பா, ரெண்டு வாரத்துக்கா ஒலிம்பிக்கைத் தள்ளுவாங்க?" என்று கேட்டான் பெரியவன். அப்போது அவனுக்கு 13 வயது. வீட்டில் நிலவரம் முதலில் புரிந்தது அவனுக்குத்தான்.

அறை கணவருக்குப் போனது. அவருக்கு மீட்டிங் உண்டே, அதனால். எனக்கும் மீட்டிங் இருந்தது. அதை நானே வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல். சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு காதில் மேலாளர், இன்னொரு காதில் அடுப்பு. ஒருநாள் மியூட் போட மறந்துவிட்டேன். சின்னவளைப் போட்ட அதட்டலை 14 பேர் கேட்டார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர், "மேடம், ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று ராத்திரி வீட்டில் சண்டை. சண்டை முடிந்தபோது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: அறை யாருக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை.

தாளை எழுதி முடிக்கும்போது மாமியார் எட்டிப் பார்த்தார். "எனக்கும் ஒரு மணி நேரம் எழுதும்மா. மூணுலேர்ந்து நாலு."

"உள்ளே என்ன செய்வீங்க அத்தை?"

"ஒண்ணும் செய்யமாட்டேன். அதுக்குத்தான் கேக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருடைய வாராந்திரக் கூட்டம் சரியாக அந்த நேரத்தில்தான்.

அந்த வருடம் பூமியே அமைதியானது என்று படித்தேன். வண்டி, ஆலை, ஆள் நடமாட்டம் எல்லாம் குறைந்ததால் நிலநடுக்கமானிகளில் பதிவாகும் மனித அதிர்வு பாதி வரை குறைந்ததாக ஜூலையில் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஒரு கருவியை எங்கள் கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

கழுவுகிற இலாகா கணவருடையது. வெளியிலிருந்து வரும் பை, டப்பா, கவர், சாவி எதுவும் அவர் கையைத் தாண்டாமல் உள்ளே வராது. இந்தச் சோப்புக்கா கொரோனா கிருமி சாகும் என்று மாமியாருக்குச் சந்தேகம். பெரியவன் விளக்கினான்: "அதோட மேல்சட்டை கொழுப்பு, பாட்டி. சோப்பு அதைக் கரைச்சுடும். எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கிற மாதிரிதான், 20 செகண்ட் தேய்க்கணும்." பாட்டி ஒரு நிமிடம் யோசித்தார். "அப்போ நாப்பது வருஷமா நான் பண்ணிட்டிருக்கறது டாக்டர் வேலைன்னு சொல்லு."

பிறகு 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், கிருமி பட்ட பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை அவர் பக்கத்தில் போய் வாசித்துக் காட்டினேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டார். முகக்கவசத்தில் கதை தலைகீழ். முதலில் எல்லாரும் போடத் தேவையில்லை என்றார்கள். பரவல் உள்ள இடங்களில் பொதுமக்களும் துணிக் கவசம் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது ஜூன் 5 அன்று. அதாவது, டப்பாக்களை அவ்வளவு கழுவிய நாங்கள், மூக்கைத் திறந்து போட்டுக்கொண்டு மூன்று மாதம் இருந்திருக்கிறோம்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். யுனெஸ்கோ கணக்குப்படி உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்களாம். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டில். பெரியவனுக்கு அந்த வருடம் கண்ணாடி வந்தது. சின்னவளுக்கு, ஆசிரியர் கேள்வி கேட்டதும் அசையாமல் வாயைப் பாதி திறந்தபடி உட்கார்ந்து நெட் போய்விட்ட மாதிரி நடிக்க வந்தது. பின்னால் மாமியார் நடந்து போனதால்தான் மாட்டிக்கொண்டாள்.

அக்டோபரில் கணவருக்கு வந்துவிட்டது. எங்கிருந்து என்று தெரியாது. காய்ச்சல் முதல் நாள், மூன்றாம் நாள் வாசனை போனது. மண நரம்பை நேரடியாகத் தாக்குவதில்லை, அதைத் தாங்கி நிற்கும் செல்களைத்தான் வைரஸ் பிடிக்கிறது, அதனால் பெரும்பாலும் திரும்பி வரும் என்று மருத்துவர் போனில் சொன்னார். இவர் நம்பவில்லை. மணிக்கு ஒருமுறை சோப்பை மோந்து பார்ப்பது தெரிந்தது, தும்மல் சத்தம் கேட்கும்.

சுவரில் இருந்த தாள் செல்லாமல் போனது. அறை முழுக்க அவருக்கு. ஆனால் குளியலறை ஒன்றுதானே? கடைசியாக அவர் போவார், ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வீட்டில் ஒரு குழந்தையும் 68 வயது மாமியாரும் இருக்கும்போது அந்த அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆறாம் நாள் ராத்திரி, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற ஆக்சிமீட்டர் 91 காட்டியது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து போனில் எண்ணைச் சொல்கிறார், இந்தப் பக்கம் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 94-க்குக் கீழே போனால் கூப்பிடச் சொல்லியிருந்தார் மருத்துவர். கூப்பிட்டேன். "கை சில்லுன்னு இருக்கா பாருங்க" என்றார். இருந்தது. தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் 96. நான் கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது, பலகை லேசாக அசைந்தது.

அடுத்த நாளிலிருந்து அது சின்னவளின் இடமானது. பள்ளி முடிந்ததும் போய்க் கதவடியில் உட்காருவாள். சத்தமாகப் பேசினால் அவருக்கு இருமல் வரும். அதனால் தட்டுவாள். இவள் மூன்று தட்டினால் உள்ளிருந்து மூன்று. ஏழு தட்டினால் ஏழு. ஒருநாள் இவள் 41 தட்டினாள். உள்ளே 40-தான். மறுபடி முதலிலிருந்து தட்ட வைத்தாள், பாவம் அந்த மனிதர்.

வேறு யாருக்கும் வரவில்லை. எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

நைட் டியூட்டி:

மூன்றாம் மாடி அக்கா, உங்கள் வீட்டில் நோயாளி உள்ளே இருந்தார். எங்கள் வீட்டில் உள்ளே இருந்தது நான். நோய் இல்லாமலே ஒன்பது மாதம்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். வீட்டுக்கு வந்தால் வாசலுக்குப் பக்கத்து அறைக்குள் நேராகப் போய்விடுவேன். பையனுக்கு அப்போது மூன்று வயது. அடுத்த அறையில் அவன், இங்கே நான், நடுவில் வீடியோ கால். பாதுகாப்பு உடையைப் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. கழற்றினால் மூக்கில் தழும்பு. அதைப் பார்த்து "அம்மாவுக்கு யார் அடிச்சா?" என்று போனில் கேட்பான்.

வேடிக்கை என்ன தெரியுமா, 2020-ஐச் செவிலியர், தாதியர் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு ஆனதற்காக. நல்ல ஆண்டாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

வார்டைப் பற்றி எழுதமாட்டேன். ஒன்று மட்டும். ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் பற்றிய முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களில் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று. புதிய மருந்தில்லை, பல வருடமாக எங்கள் அலமாரியில் கிடந்த மலிவான மருந்து. அன்று டியூட்டி முடிந்து வந்து அதை வீட்டில் சொன்னேன். யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை, ஆனாலும் கணவர் கை தட்டினார்.

இரண்டு ஊசியும் போட்டு, நாள் எண்ணி, ஒருநாள் கதவைத் திறந்து வெளியே வந்து உட்கார்ந்தேன். பையன் என்னையே பார்த்தான். ஓடிப் போய்ப் போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். அதில்தானே அம்மா இருப்பாள்.

அப்புறம் அக்கா, விரலைச் சூடாக்கிப் பார்த்தது சரி. நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும், அடர்ந்த நிறம் என்றால் இன்னும் மோசம். ஆனால் சூடாக்கியும் ஏறவில்லை என்றால் விரல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தவர்களைத்தான் நாங்கள் பார்த்தோம்.

கடைக்குட்டி:

இதைச் சொன்னால் திட்டுவீர்கள். எனக்கு அது நல்ல வருடம்.

அப்போது எனக்கு 17. அப்பா ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருந்தார். மாதத்தில் ஆறேழு நாள்தான் வீட்டில் பார்ப்போம். அந்த வருடம் முழுக்க வீட்டிலேயே இருந்தார். முதல் இரண்டு மாதம் சரியாகவே இல்லை. ஃபேன் ஏன் ஓடுகிறது, லைட் ஏன் எரிகிறது, இவன் ஏன் பத்து மணிக்கு எழுந்திருக்கிறான் என்று சோதனை நடத்திக்கொண்டே இருப்பார். அம்மா ஒருநாள், "நீங்க இல்லாதப்பவும் இந்த வீடு நடந்துச்சு" என்றார். அப்பா அதன்பிறகு மொட்டைமாடிக்குப் போக ஆரம்பித்தார். நானும் போனேன், உள்ளே இருந்தால் படிக்கச் சொல்வார்கள்.

ஜூலையில் நியோவைஸ் வால்நட்சத்திரத்தைத் தேடினோம். அடுத்து வர 6,000 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று படித்திருந்தேன். நான்கு நாளும் மேகம். டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி நின்றன. 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அதுதான். அப்பாவிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது, ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். மாற்றி மாற்றிப் பார்த்தோம். அரை மணி நேரம் கழித்து, "அடுத்தது எப்போடா?" என்றார். இவ்வளவு நெருக்கமாக 2080-இல் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நீ பாத்துக்கோ" என்றார்.

இப்போது மறுபடி ஊர் சுற்றப் போய்விட்டார்.

ஓய்வூதியர்:

வணக்கம். நானும் மனைவியும் மட்டும். நான்கு அறை, நான்கு கதவு, எதையும் மூடியதில்லை. மூடினால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்ற பயம்.

பிள்ளைகள் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். எங்கள் இருவரின் நெற்றியையும் கூரையையும்தான் ஒரு வருடம் பார்த்தார்கள். மற்ற நாளில் டிவி. மனைவி தினமும் இறப்பு எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்துக்கொண்டிருந்தாள். மே மாதம் ரிமோட்டை ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் பேச்சில்லை. இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் பேச்சில்லை என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் 90 வயதுப் பெண்மணிக்கு முதல் தடுப்பூசி போட்டதைக் காட்டினார்கள். மனைவிக்கு 71. "அவளுக்கு இப்ப 90. 80 வந்து, அப்புறம் 70. என் முறை வந்துரும்" என்றாள். அன்று காலண்டரில் எண் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் மாடி அம்மாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் அந்தத் தாழ்ப்பாள் அறை இப்போது யார் வசம்?

மூன்றாம் மாடி:

ஐயா, பகல் முழுக்க மறுபடியும் காலிதான். நாங்கள் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை போனேன். கணவர் பெயர், என் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் பெரியவன் பேனாவால் அடித்துவிட்டான். ஒரு வரியை மட்டும் அடிக்க விடவில்லை பாட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தோம். நாலு மணி ஆகப்போகும் நேரத்தில் சின்னவள் போய்க் கதவை மூன்று தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து மூன்று வரும் என்று காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, போ" என்று குரல்தான் வந்தது.