டிரேடிங்கில் பணிவா, தைரியமா?

தராசு:
எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளுக்கு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி போட்ட கணக்கு இது. நாலு டிரேட் ஜெயித்ததும் லாட்டை, அதாவது ஒரு முறை டிரேட் செய்யும் அளவை, இரட்டிப்பாக்கும் துணிச்சலைத்தான் முதல் காரணம் என்பேன். பணிவு இல்லாதவர் இந்தப் பக்கமே வரக் கூடாது.

காளையார்கோவில்:
பயத்துக்குப் பணிவு என்று பெயர் வைக்காதீர்கள் சார். 45 சதவீத வெற்றி, ரிஸ்க்கில் ஒன்றரை மடங்கு லாபம் என்று ஒரு முறையை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய் ரிஸ்க்குக்குச் சராசரி 12.50 நிற்கும். இதில் தொடர்ந்து மூன்று நஷ்டம் சர்வசாதாரணமாக வரும். வந்ததும் கை நடுங்கி 100 ரூபாய் லாபத்திலேயே வெளியேற ஆரம்பித்தால், அதே 12.50-க்கு வெற்றி விகிதம் 56-ஐத் தாண்ட வேண்டும். நல்ல முறை இப்படித்தான் கெடுகிறது.

தராசு:
கணக்கு சரி. அந்த விகிதம் எங்கிருந்து வந்தது? 100 டிரேடில் 55 ஜெயித்தது என்றால் உண்மையான விகிதம் 45-க்கும் 65-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். 55-ஐ அப்படியே நம்பினால், லாபமும் நஷ்டமும் சம அளவான டிரேடுக்கு கெல்லி சூத்திரம் மூலதனத்தில் 10 சதவீதம் போடச் சொல்லும். உண்மை 52 என்றால்? ஒரு ஜெயம் 1.1, ஒரு தோல்வி 0.9, பெருக்கினால் 0.99. ஜோடிக்கு ஜோடி விழும் இந்த ஓட்டை, கூடுதலாக ஜெயித்ததையும் தின்றுவிடும்; கணக்கு மெல்லத் தேயும். அதே 52-ல் 2 சதவீதம் மட்டும் போட்டவர் வளர்வார். நான் பணிவு என்பது இந்த 2 சதவீதத்தைத்தான்.

காளையார்கோவில்:
லாட்டைக் குறைக்கணும், ஒத்துக்கிறேன். ஆனால் ஸ்டாப்லாஸ் (குறித்த நஷ்டத்தில் தானே வெளியேறும் ஆர்டர்) போட்டவருக்கு ரிஸ்க் முன்கூட்டியே தெரியுமே. அவர் தைரியமாக ஆப்ஷன் விற்கலாம்.

கொற்றவை:
அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஆப்ஷனில் எஸ்எல்-மார்க்கெட் ஆர்டரை (டிரிக்கர் விலை தொட்டதும் கிடைத்த விலைக்கு முடியும் ஸ்டாப்லாஸ்) தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ 2021-லேயே நிறுத்திவிட்டது. இருப்பது லிமிட் எஸ்எல் (குறித்த எல்லை விலைக்குள் மட்டுமே முடிவது) மட்டும். 100-ல் டிரிக்கர், 105 லிமிட் வைத்து, விலை 98-லிருந்து 140-க்குத் தாவினால் ஆர்டர் 105-லேயே தொங்கும், நஷ்டம் ஓடிக்கொண்டே இருக்கும்.

2024 ஜூன் 4-ஐப் பாருங்கள். மக்களவைத் தேர்தல் எக்ஸிட் போலை நம்பி முந்தைய நாள் நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263-ல் முடிந்தது. வாக்கு எண்ணிய அன்று 21,281 வரை இறங்கியது. 22,500 புட்டை (அந்த விலைக்கு விற்கும் உரிமை தரும் ஆப்ஷனை) வெறுமனே விற்றவருக்கு அந்த அடிமட்டத்தில் இன்ட்ரின்சிக் மதிப்பே (22,500-க்கும் 21,281-க்கும் உள்ள இடைவெளி) 1,219 புள்ளி. அப்போது ஒரு லாட் என்பது 25 யூனிட். ஆக ஒரு லாட்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல். கூடவே 22,000 புட்டை வாங்கி வைத்தவருக்கு எவ்வளவு இறங்கினாலும் 500 புள்ளி, அதாவது 12,500 ரூபாய்; கையில் வந்த பிரீமியம் (ஆப்ஷன் விலை) போக அதிலும் கொஞ்சம் குறையும். வாங்கும் லெக்கை (இங்கே 22,000 புட்டை) முதலில் போடுங்கள், மார்ஜினும் (புரோக்கர் பிடித்து வைக்கும் பிணைத் தொகை) குறையும். வெளியே வரும்போது விற்றதை முதலில் மூடுங்கள். மாற்றிச் செய்தால் நடுவில் சில நொடிகள் காப்பில்லாமல் நிற்பீர்கள்.

காளையார்கோவில்:
வாராவாரம் ஹெட்ஜுக்கு (காப்பாக வாங்கும் ஆப்ஷனுக்கு) கொடுப்பது லாபத்தில் பெரும்பகுதியை விழுங்குமே?

கொற்றவை:
அந்தச் செலவையும் சேர்த்து பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் முறையைச் சோதிப்பது) ஓட்டுங்கள். ஹெட்ஜ் இல்லாமல்தான் லாபம் காட்டுகிறது என்றால், சோதித்த காலத்தில் ஜூன் 4 மாதிரி ஒரு நாளாவது இருந்ததா என்று பாருங்கள்.

காளையார்கோவில்:
நியாயம். 2020 மார்ச் 23-ஐயும் சேர்க்கணும், அன்று ஒரே நாளில் நிஃப்டி 13 சதவீதம் விழுந்தது. ஆனால் அளவை முடிவு செய்த பிறகு மூன்று நஷ்டத்துக்கெல்லாம் அதை மாற்றக் கூடாது. அதில் நான் மாறவில்லை.