கிளாஸ்: வகுப்பா, துறையா?

அனைவருக்கும் வணக்கம்.

இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். புது விளையாட்டில் கணக்குத் தொடங்கியதும் வரும் கேள்வி, எந்த ‘கிளாஸ்’ என்பதுதான். போர்வீரர், மந்திரவாதி, வில்லாளி என்று உருவங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு ‘வகுப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். “எனக்குப் பிடித்த வகுப்பு மந்திரவாதி” என்று எழுதினால் வாசகர் பாடவேளையைத் தேடுவாரோ என்று தோன்றுகிறது. ‘தொழில்’ பொருந்துமா? ‘குலம்’? கருத்துச் சொல்லுங்கள்.

கு.

———

> அந்தச் சொல்லுக்கு ‘வகுப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அப்படியே இருக்கட்டும். பாலூட்டிகள் ஒரு வகுப்பு, ரயிலில் இரண்டாம் வகுப்பு, நிரலாக்கத்திலும் வகுப்பு. இடம் பார்த்துப் பொருள் கொள்ள வாசகருக்குத் தெரியும். குலம் வேண்டவே வேண்டாம். பிறப்பால் வருவது குலம், இது நாமே எடுத்துக்கொள்வது. வகுப்பும் உறுத்துகிறது என்றால் ‘கிளாஸ்’ என்றே எழுதிவிடுங்கள். விளையாடுகிறவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். புதுச்சொல் படைத்து, பிறகு அதற்கு அருஞ்சொற்பொருளும் எழுதுகிற வேலை மிச்சம்.

மா.

———

கு., மா. இருவருக்கும் வணக்கம்.

புது விளையாட்டுக்கு வருகிறவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பார்த்தால், நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும் என்பது விளங்கும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் பாலடின் என்ற கிளாஸை எடுத்து, கூட்டாளிகளின் காயத்தை ஆற்றியே பழகிய ஒருவர் ஃபைனல் ஃபேன்டஸி 14க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கும் பாலடின் உண்டு என்று கேள்விப்பட்டு, அதற்கு வழியான கிளேடியேட்டரை எடுக்கிறார். கையில் வாள், மறுகையில் கேடயம். குழுவாகப் போய் அரக்கர்களோடு மோதும் களமான நிலவறை ஒன்றுக்குள் முதன்முறை நுழைந்ததும் மற்ற மூவரும் நகராமல் நிற்கிறார்கள். பின்னால் நின்று மந்திரம் போடலாம் என்று வந்தவரோ அவர்கள் நகரக் காத்திருக்கிறார். முன்னால் ஓடி அரக்கர்களைத் தன்மேல் இழுத்துக்கொள்ள வேண்டியவர் தான்தான் என்பது அவருக்குத் தெரியாது. வார்கிராஃப்டில் பாலடின் அடி தாங்கலாம், காயம் ஆற்றலாம், எதிரியைத் தாக்கலாம். தேர்ந்துகொள்ளும் கிளையைப் பொறுத்தது. இங்கே பாலடினுக்கு அடி தாங்குவது ஒன்றே வேலை. மங்க் கதையும் இதேதான்: அங்கே மூன்றும் செய்வார், இங்கே தாக்க மட்டுமே செய்வார்.

ஆக, ஒரே பெயரை நம்பி ஏமாறுகிற இடம் இது. ஆயுதம், கவசம், திறன்கள் எல்லாம் சேர்ந்த தொகுதி ஒன்று, அதுதான் கிளாஸ். குழுவுக்குள் ஒருவர் செய்கிற வேலை இன்னொன்று. அதை ‘ரோல்’ என்கிறார்கள். விளையாட்டு மாறினால் முன்னது தலைகீழாகிவிடும், பின்னது பெரும்பாலும் மாறாது. வார்கிராஃப்ட் நிலவறைக்கு ஐவர் போவார்கள்: தாங்க ஒருவர், ஆற்ற ஒருவர், தாக்க மூவர். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் நால்வர்; தாக்குகிறவர்களில் ஒருவர் குறைவு, அவ்வளவுதான். உங்கள் கையேடு வாசகரிடம் முதலில் அவர் பழைய இடத்தில் செய்துவந்த வேலையைக் கேட்கட்டும். என்ன பெயரில் செய்தார் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ரோலுக்குப் ‘பொறுப்பு’ என்பது என் பரிந்துரை. ‘பணி’ என்றால், ஊர்த்தலைவர் கொடுக்கும் ‘பத்து ஓநாய்களைக் கொன்று வா’ வகை வேலைக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

கிளாஸுக்குத் ‘துறை’. ‘தொழில்’ ஆகாது, ஏனென்றால் வார்கிராஃப்டில் கொல்லுவேலை, மூலிகை பறித்தல், தையல் ஆகியவை தனியாக இருக்கின்றன, அவைதாம் தொழில்கள். கில்ட் வார்ஸ் 2 கிளாஸையே தொழில் என்ற பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறது. அதை அப்படியே பெயர்த்தால் இரு விளையாட்டுக்கும் நடுவில் வாசகர் மாட்டிக்கொள்வார். ‘இனம்’ எல்ஃபுக்கும் குள்ளருக்கும் போய்விட்டது.

வகுப்பில் எனக்குள்ள மனக்குறை, அது குட்டி போடாது என்பது. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனிலும் 2003இல் வந்த ஈவ் ஆன்லைனிலும் கிளாஸ் என்ற பகுப்பே கிடையாது. திறன்களை ஒவ்வொன்றாக வளர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ‘வகுப்பற்ற விளையாட்டு’ என்று எழுதிப் பாருங்கள், அரசியல் துண்டறிக்கை போல இருக்கும். ‘துறையற்ற விளையாட்டு’ உறுத்தவில்லை. துறைத்திறன், துறைமாற்றம், கலப்புத்துறை என்று மேலே போகலாம். பழைய புறப்பாடல்களில் திணைக்குக் கீழே துறை வரும். ஆநிரை கவர்வது, மீட்பது என்று போர்க்களத்துச் செயல்களைப் பகுக்கப் பயன்பட்ட சொல். வாளும் வில்லுமாகத் திரிகிற இந்த உலகத்துக்கு அது அந்நியமில்லை.

வே.

———

> கிளாஸுக்குத் ‘துறை’.

வே. ஐயா, இரண்டு தடைகள்.

ஒன்று, ஆதியில் கிளாஸும் ரோலும் ஒன்றுதானே? 1974இல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது மொத்தமே மூன்று கிளாஸ்: சண்டைக்காரர், மந்திரம் செய்பவர், சமயகுரு. திருடர்கூட அடுத்த ஆண்டுதான் வந்தார். சண்டைக்காரர் என்றால் முன்னால் நிற்பார், சமயகுரு காயம் ஆற்றுவார். இன்னார் இன்னது செய்வார் என்பது பெயரிலேயே இருந்தது. இல்லாத பிரிவினையை நாம் ஏன் உண்டாக்க வேண்டும்?

இரண்டு, துறை என்றால் எனக்குக் கோப்பும் முத்திரையும் நினைவுக்கு வருகின்றன. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் தூண்டில் போடுவதும் ஒரு கிளாஸ். “மீன்பிடித் துறையில் 50ஆம் நிலைக்கு வந்துவிட்டேன்” என்று ஒருவர் எழுதினால் பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்ல நான்கு பேர் வருவார்கள்.

மா.

———

மா., மீன்பிடித் துறைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் பக்கம்தான் நிற்கிறது. அந்த விளையாட்டில் கொல்லர், நெசவாளர், சமையற்காரர், சுரங்கக்காரர் எல்லோரும் வாள்வீரரோடு சமமாகக் கிளாஸ் வரிசையில் இருக்கிறார்கள். ‘போர்வகை’, ‘வீரமரபு’ போன்ற சொற்கள் அங்கே உடைந்துவிடும். துறை எல்லாரையும் தாங்கும்.

ஆதியில் ஒன்றாக இருந்தது உண்மை. பிறகு பிரிந்துவிட்டது. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் ஆர்கனிஸ்ட் என்ற துறை இருக்கிறது. 30ஆம் நிலையில் அது இரண்டு கிளைகளாகிறது: சம்மனர் ஆனால் தாக்குவார், ஸ்காலர் ஆனால் ஆற்றுவார். இரண்டுக்கும் நிலை பொதுவானது. ஒன்றை வளர்த்தால் மற்றதும் கூடவே வளரும். வார்கிராஃப்டின் டுரூயிடு அடியும் தாங்குவார், காயமும் ஆற்றுவார், அருகில் நின்றும் தாக்குவார், தொலைவிலிருந்தும் தாக்குவார். 2012இல் கில்ட் வார்ஸ் 2 வந்தபோது ஆற்றுவதற்கென்று தனியாள் வேண்டாம் என்றே அமைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் திறன் ஒன்று இருந்தது. அப்போது அதில் துறை இருந்தது, பழைய பொறுப்புகளைக் காணோம். இதை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவீர்கள்?

கு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘துறைமாற்றம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, எந்த விளையாட்டில் அது முடியும் என்று எழுதிவிடுங்கள். மாறி வருகிறவருக்கு இதுதான் உயிர்நாடி. வார்கிராஃப்டில் பணம் கட்டினால் பாத்திரத்தின் இனத்தை மாற்றித் தருவார்கள்; துறையை எந்த விலைக்கும் மாற்ற முடியாது. மனம் மாறினால் முதல் நிலையிலிருந்தோ, ஏற்கெனவே வளர்ந்த நிலையை விலைக்கு வாங்கியோ, புதுப் பாத்திரம்தான். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் ஒரே பாத்திரம் எல்லாத் துறையும் பயிலலாம். கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினால் துறை மாறிவிடும். முன்னதற்கு வருகிறவர் ஓரிரு துறைகளைத் தொடக்க நிலைகளில் ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. பின்னதற்கு வருகிறவர் அவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை. இதைச் சொல்லாமல் இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுக்கிற கையேடுகள்தான் அதிகம்.

பொறுப்புகளுக்குத் தாங்குநர், ஆற்றுநர், தாக்குநர் என்று வைக்கலாம். மூன்றும் ஒரே வாய்ப்பாடு, சொல்லவும் எளிது.

வே.

———

வணக்கம்.

துறை, பொறுப்பு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மா. சொல்வதிலும் நியாயம் இருப்பதால், முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘கிளாஸ் எனப்படும் துறை’ என்று எழுதிவிட்டு, அப்புறம் துறை என்றே போகப்போகிறேன்.

பொறுப்புப் பெயர்களில் ஒரு திருத்தம். தாங்குநருக்குப் பதில் ‘தாங்கி’. அடி தாங்குகிறவரை விளையாடுகிறவர்கள் ‘டேங்க்’ என்கிறார்கள். இலங்கைத் தமிழில் நீர்த்தாங்கி, யுத்தத்தாங்கி என்று டேங்குக்கு அந்தச் சொல் முன்பே புழக்கத்தில் இருக்கிறது. ஒலியும் ஒட்டுகிறது, பொருளும் ஒட்டுகிறது. தாக்குநர் சரி. ஆற்றுநரைப் படித்துக் காட்டியபோது ஆற்றங்கரையில் குடியிருப்பவரா என்று கேட்டார்கள். ‘குணமாக்குநர்’ என்று மாற்றியிருக்கிறேன், நீளமானாலும் பரவாயில்லை. பாலடின், டுரூயிடு போன்ற துறைப்பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடுகிறேன்; விளையாட்டுத் திரையில் தேடும்போது வாசகருக்கு அவைதாம் உதவும்.

வார்கிராஃப்ட்காரர்கள் இன்னொரு துறையை ஆடிப் பார்க்கக் கூடுதலாக வளர்க்கிற பாத்திரத்தை ‘ஆல்ட்’ என்கிறார்கள். ‘மாற்றுப்பாத்திரம்’ என்றால் சமையலறை நினைவு வருகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

கு.