புதுப்பிப்பு: அம்மாவின் அயோடின் சிகிச்சை முடிந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய், ஆபரேஷன் ஆகிவிட்டது, அடுத்துக் கதிரியக்க அயோடின் என்கிறார்கள், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே என்று. தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அம்மா வீடு திரும்பிவிட்டார்.

பெரிய பாடு உப்புதான். இரண்டு வாரம் அயோடின் உப்பு, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. அயோடின் சேர்க்காத கல்லுப்பு தேடி நான்கு கடை ஏறினேன். தைராய்டு செல்களைப் பட்டினி போட்டால்தான் மருந்தை ஆவலாக இழுத்துக்கொள்ளுமாம்.

மருந்து வந்தது கனமான ஈயக் குப்பியில். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. அம்மா சாமி கும்பிட்டுவிட்டு விழுங்கினார். அப்புறம் மூன்று நாள் தனி அறை, போனில்தான் பேச்சு. எச்சில் சுரப்பிக்கு நல்லதென்று புளிப்பு மிட்டாய் கொடுத்திருந்தார்கள்.

அந்த மாத்திரையில் இருக்கும் கதிரியக்க அயோடினான அயோடின்-131 வெளிவிடும் பீட்டா கதிர், ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கிறது. காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வருவதால், அதே மருந்தை வைத்தே ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். 1941-லேயே பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் கதிரியக்க அயோடினைத் தைராய்டு நோயாளிக்குக் கொடுத்திருக்கிறார். அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

சரி, குழந்தை விஷயம். வெளியே வரும் அந்தக் கதிர் பாப்பா மேல் படக்கூடாதே. அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். சிறுநீரிலும் வெளியேறிவிடுவதால் உடலில் இன்னும் வேகமாகக் குறையும். டாக்டர் சொன்ன நாள்வரை பாப்பா மாமியார் வீட்டில். நேற்றுதான் அம்மா மடியில் உட்கார்ந்தாள்.